பொறுப்பு கூடினால் ஆற்றல் குறையுமா?

(ஆலயத் திருவிழாவையொட்டி, மாலைப் பூசைக்குப் பின் ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுப் பொதுக்கூட்டம் நடைபெறும் நாளில் பல ஆலயங்களில் ஒரே வகையான காட்சியைக் காணலாம். வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது கேள்விகள் பல எழும். குறைகள் சுட்டிக்காட்டப்படும். ஆலோசனைகளுக்கும் பஞ்சமிராது. ஆனால், "செயலாளர் பொறுப்புக்கு யார் வருகிறீர்கள்?" என்று தலைவர் கேட்டவுடன் மண்டபம் அமைதியாகிவிடும். இளைஞர் ஒருவரின் பெயரை யாரேனும் முன்மொழிந்தால், "மன்னிக்க வேண்டும் ஐயா, வேலை அதிகம், நேரமே கிடைப்பதில்லை" என்று அவர் கைகூப்பிவிடுவார். முடிவில், பதினைந்து ஆண்டுகளாக அப்பொறுப்பைச் சுமந்து வந்த அதே பெரியவரின் தோளிலேயே அது மீண்டும் ஏற்றப்படும்.

மறுப்பவரைக் குறை கூறுவது இவ்வுரையின் நோக்கமன்று. அவர் கூறும் காரணம் பொய்யுமன்று. ஆயினும், அக்காரணத்தின் அடியில் ஒரு நம்பிக்கை மறைந்திருக்கிறது. மனிதனுடைய ஆற்றல் குடத்து நீரைப் போன்றது. புதிய பொறுப்பொன்றை ஏற்றால் அக்குடத்திலிருந்து ஒரு பங்கு நீர் போய்விடும். வேலைக்கும் குடும்பத்திற்கும் எஞ்சுவது குறைந்துவிடும் என்பதே அந்த நம்பிக்கை. இது முழு உண்மைதானா? கூடுதல் பொறுப்பு ஒருவரின் செயல்திறனைக் குறைக்கிறதா, வளர்க்கிறதா? வளர்க்குமாயின், எந்த எல்லை வரை வளர்க்கும்? ஆலயப் பணிக்கு ஆள் கிடைக்காத இக்காலத்தில் இக்கேள்விகளைச் சற்று ஆழமாக ஆராய்வது பயன்தரும்.

விரிந்துகொண்டே போகும் வேலை

மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கிய காலத்தில், 1950 முதல் 1958 வரை அங்கு வரலாற்றுப் பேராசிரியராகப் பணியாற்றியவர் நார்த்கோட் பார்க்கின்சன் என்னும் ஆங்கிலேயர். 1955ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், லண்டனிலிருந்து வெளிவரும் 'எக்கானமிஸ்ட்' இதழில் அவருடைய கட்டுரையொன்று இடம்பெற்றது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் இருக்கிறதோ, அவ்வளவு நேரத்தையும் நிரப்பும் அளவுக்கு அவ்வேலை விரிந்துகொள்ளும் என்பதே அக்கட்டுரையின் சாரம். பின்னாளில் உலகம் முழுவதும் அது 'பார்க்கின்சன் விதி' என்று வழங்கலாயிற்று. நம் மண்ணுக்கு மிக அருகில் வாழ்ந்த ஒருவர் உலகிற்குத் தந்த கருத்து இது என்பதைப் பலர் அறியமாட்டார்கள்.

அவர் கூறிய எடுத்துக்காட்டு சுவையானது. வேறு அலுவல் எதுவும் இல்லாத மூதாட்டி ஒருவர், தம் உறவுப் பெண்ணுக்கு ஓர் அஞ்சலட்டை எழுத ஒரு நாள் முழுவதையும் செலவிட்டுவிடுவாராம். அட்டையைத் தேட ஒரு மணி நேரம், மூக்குக்கண்ணாடியைத் தேட மற்றொரு மணி நேரம், முகவரியைத் தேட அரை மணி நேரம் என்று பொழுது போய்விடும். அலுவல் நிறைந்த ஒருவரோ அதே அட்டையை மூன்றே நிமிடங்களில் எழுதி முடித்துவிடுவார்.

அலுவலகங்களுக்கும் இது பொருந்தும் என்பதற்குப் பிரிட்டிஷ் கடற்படையின் கணக்கையே அவர் சான்றாகக் காட்டினார். 1914ஆம் ஆண்டில் 62 பெரிய போர்க்கப்பல்கள் பணியில் இருந்தன. 1928ஆம் ஆண்டில் அவை 20 ஆகக் குறைந்தன. ஆனால், கடற்படைத் தலைமையகத்தின் அதிகாரிகள் 2,000 பேரிலிருந்து 3,569 பேராகப் பெருகியிருந்தனர். கப்பல் குறைந்தது, காகிதம் பெருகியது.

இவ்விதியின் மறுபக்கமே இங்குச் சிந்திக்கத்தக்கது. நேரம் மிகுந்தால் வேலை விரியுமெனில், நேரம் நெருக்கினால் வேலை சுருங்கவும் வேண்டும் அல்லவா? ஒரு சனிக்கிழமையை எண்ணிப் பாருங்கள். செய்யவேண்டியது எதுவும் இல்லாத நாளில், காரைக் கழுவுவதும் சந்தைக்குச் சென்று வருவதுமே பகலைத் தின்றுவிடும். மாலை நான்கு மணிக்கு ஆலயத்தில் அன்னதானப் பொருள்களைச் சரிபார்க்கவேண்டிய பொறுப்பு இருந்துவிட்டால், அதே இரண்டு வேலைகளும் காலை பத்து மணிக்குள் முடிந்துவிடுகின்றன. கூடுதல் பொறுப்பு இங்கே நேரத்தைப் பறிக்கவில்லை. சிதறிக் கிடந்த நேரத்திற்கு ஒரு கரை கட்டியது.

தோட்டம் தோட்டமாகச் சென்ற அமைச்சர்

இந்நாட்டு வரலாற்றிலேயே இதற்குச் சிறந்த சான்று உண்டு. சுங்கை சிப்புட்டில் 1919ஆம் ஆண்டு பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள், 1955ஆம் ஆண்டில் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைவரானார். அதே ஆண்டில் தொழிலாளர் அமைச்சராகவும் பொறுப்பேற்றார். 1957ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சர். 1959ஆம் ஆண்டு முதல் பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்புத் துறைகளின் அமைச்சர். கட்சியும் அமைச்சும் ஒருவரின் பகலையும் இரவையும் நிரப்பப் போதுமானவை.

அக்காலத்தில்தான் தோட்டத் துண்டாடல் என்னும் துயரம் தொடங்கியது. வெளிநாட்டு நிறுவனங்கள் தங்கள் ரப்பர்த் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து மறுபடியும் விற்றனர். தோட்டம் கைமாறும்போது தொழிலாளி வேலையை இழந்தான்; வேலையோடு லயத்து வீட்டையும் இழந்தான். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணும், கும்பிட்ட கோயிலும், பிள்ளைகள் படித்த தமிழ்ப்பள்ளியும் அந்தத் துண்டுகளுக்கிடையே சிக்கிக்கொண்டன.

"எனக்கு வேலை அதிகம்" என்று சொல்வதற்கு அன்று சம்பந்தன் அவர்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது. ஆனால், 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அமைச்சர் பொறுப்போடு அதன் பொறுப்பையும் அவர் சுமந்தார். தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களைச் சந்தித்து, மாதம் 10 வெள்ளி வீதம் செலுத்தி 100 வெள்ளிப் பங்கு வாங்குமாறு அவர்களைத் திரட்டினார். கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று. 1973ஆம் ஆண்டில் கட்சித் தலைமையிலிருந்து விலகிய பின்னரும், 1979ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் மறையும் வரை கூட்டுறவுப் பணியை அவர் கைவிடவில்லை.

இவ்வரலாற்றில் கவனிக்கவேண்டியவை இரண்டு. முதலாவது, அவர் ஏற்ற புதிய பொறுப்பு பழைய பொறுப்புகளுக்குத் தொடர்பற்றதன்று. தொழிலாளர் துறையில் கற்றதும், கட்சிப் பணியில் அறிந்த ஊர்களும் முகங்களும் கூட்டுறவுப் பணிக்குக் கைகொடுத்தன. இரண்டாவது, அன்று பொறுப்பேற்றவர் அமைச்சர் மட்டுமல்லர். அன்றைய நாள்கூலியில் 10 வெள்ளி சிறிய தொகையன்று. அதை மாதந்தோறும் மிச்சப்படுத்திய பால்மரத் தொழிலாளியும் ஒரு கூடுதல் பொறுப்பை ஏற்றார். அதுவரை பிறர் தோட்டத்தில் கூலியாக இருந்தவர், தோட்டத்தின் பங்குதாரராகக் கூட்டத்தில் அமர்ந்து கணக்குக் கேட்கும் நிலைக்கு உயர்ந்தார். ஒருவர் மட்டும் ஓடியிருந்தால் அப்பணி நின்றிருக்காது. பொறுப்பு பலரிடம் பரவியதால் நின்றது.

கோலாலம்பூர் கண்ட மற்றொரு சான்றையும் இங்குக் கூறலாம். தனிநாயகம் அடிகளார் 1961ஆம் ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். பாடம் நடத்துவதும் துறையை வளர்ப்பதுமே பெரும்பணி. 1964ஆம் ஆண்டு சனவரியில் புது டில்லியில் அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற அவர் முன்னின்றார். அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1966ஆம் ஆண்டு ஏப்ரலில், முதலாம் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தேறியது. 'ஒரு நாள் மாநாடு நடத்தலாம்' என்று பொதுவாக எண்ணியிருந்தால் அது எண்ணமாகவே நின்றிருக்கலாம். நாள் குறிக்கப்பட்டது, பிற நாட்டு அறிஞர்களுக்கு அழைப்புச் சென்றது, அதன்பின் வேலை தானே நெருக்கமும் வேகமும் பெற்றது.

பொறுப்பு மனிதனை வளர்க்கும் விதம்

கூடுதல் பொறுப்பு ஒருவரை எவ்வாறு வளர்க்கிறது என்பதை ஆலய வாழ்விலிருந்தே விளக்கலாம். ஒருவர் பொருளாளராகப் பொறுப்பேற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதுவரை அவர் வீட்டுத் தண்ணீர்க் கட்டணம், மின்கட்டணம், கார் காப்புறுதிச் சீட்டு எல்லாம் ஒரே இழுப்பறையில் கலந்து கிடந்தன. இப்போது உண்டியல் எண்ணும் நாளில் இருவர் முன்னிலையில் தொகையை எழுதவேண்டும். அர்ச்சனைச் சீட்டு எண்களைச் சரிபார்க்கவேண்டும். பற்றுச்சீட்டு இல்லாத செலவைத் திருப்பி அனுப்பவேண்டும். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்ற ஆலயமாயின், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை சென்றாகவேண்டும். தள்ளிப்போட முடியாத நாள் ஒன்று அவர் முன் நிற்கிறது. ஆறு மாதங்களில் அவர் வீட்டு இழுப்பறையும் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. ஆலயத்திற்காகக் கற்ற பழக்கம் இல்லத்திற்கும் பயன்படுகிறது.

செயலாளராகும் இளைஞரின் நிலையும் அத்தகையதே. தேர் ஊர்வலத்திற்குப் போலீஸ் அனுமதி கேட்டுத் தேசிய மொழியில் கடிதம் எழுதவேண்டும். நகராண்மைக் கழக அதிகாரியைச் சந்தித்துப் பேசவேண்டும். கருத்து மாறுபடும் பெரியவர்களுக்கிடையே அமர்ந்து கூட்டக் குறிப்பு எடுக்கவேண்டும். அலுவலகத்தில் பத்தாண்டு காத்திருந்து பெறக்கூடிய பயிற்சியை ஆலயம் இரண்டே ஆண்டுகளில் தந்துவிடுகிறது. அதற்குக் கட்டணமும் இல்லை.

எல்லாவற்றினும் மேலானது, தம்மை நம்பிப் பிறர் இருக்கிறார்கள் என்னும் உணர்வு. தமக்காக மட்டும் செய்யும் வேலையை நாளைக்கென்று ஒத்திவைக்க மனம் துணியும். பால்குடம் எடுக்கும் நூறு பேருக்குப் பால் வந்து சேரவேண்டும் என்னும்போது அம்மனம் துணிவதில்லை. அந்த உணர்வு விடியுமுன் அவரை எழுப்பிவிடுகிறது.

எல்லை மீறினால்

எனினும், இந்த உண்மையைப் பாதியாகச் சொல்வது நேர்மையாகாது. பொறுப்பு கூடக் கூட ஆற்றலும் கூடிக்கொண்டே போகும் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. 1908ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர்களான யெர்க்ஸ், டாட்சன் ஆகிய இருவரும் சுண்டெலிகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினர். வெளிச்சத்தின் வேறுபாட்டை அறிந்து சரியான வழியைத் தேர்ந்தெடுக்கச் சுண்டெலிகள் பழக்கப்பட்டன. தவறினால் சிறு மின்அதிர்ச்சி கொடுக்கப்பட்டது. எளிய பாடத்தில் அதிர்ச்சி கூடக் கூடச் சுண்டெலிகள் விரைவாகக் கற்றன. கடினமான பாடத்திலோ நடுத்தர அளவு வரைதான் பயன் கிடைத்தது. அதற்கு மேல் நெருக்கியபோது கற்றல் பின்னடைந்தது. சுண்டெலிக்குக் கண்டதை அப்படியே மனிதனுக்குச் சொல்லிவிட முடியாது. ஆனாலும், நெருக்கடி ஓரளவு வரை கூர்மை தரும், அதன்பின் குழப்பமே தரும் என்பதை வாழ்வில் அறியாதவர் இலர்.

ஆலயங்களில் இவ்வெல்லை மூன்று இடங்களில் மீறப்படுகிறது.

முதலாவது, ஒருவரிடமே பொறுப்புகள் குவிவது. அவரே ஆலயத் தலைவர். அவரே பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளர். அவரே குடியிருப்பாளர் சங்கத்திலும் முக்கியப் பொறுப்பாளர். இறுதியில் அழைப்பிதழில் அவர் பெயர் இருக்கும், அவர் இருக்கமாட்டார். இது அவர் குற்றம் மட்டுமன்று. கைகூப்பி விலகிய ஒவ்வொருவரும் அவர் தோளில் ஒரு கல்லை ஏற்றியவர்களே.

இரண்டாவது, பொறுப்பைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தைக் கொடாமலிருப்பது. அன்னதானத்தை ஓர் இளைஞரிடம் ஒப்படைப்பார்கள். ஆனால், அரிசி வாங்கும் கடையை வேறொருவர் முடிவு செய்வார்; பணத்தை மற்றொருவர் வைத்திருப்பார். குறை நேர்ந்தால் மட்டும் பழி இளைஞரைச் சேரும். அவர் மறு ஆண்டு வரமாட்டார். 'இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பக்தியில்லை' என்று பேசிக்கொள்வதில் பயனில்லை. அவரிடம் குறைந்தது பக்தியன்று. அவருக்கு மறுக்கப்பட்டது நம்பிக்கை.

மூன்றாவது, வெளியில் தெரியாத ஒன்று. கணவர் மாலைதோறும் ஆலயத்தில் இருக்கிறார் என்றால், வீட்டில் அவர் பங்கு வேலையை யாரோ செய்கிறார்கள். எஸ்.பி.எம். தேர்வு எழுதும் பிள்ளையின் அருகில் அமர்வதும், மூத்தோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் மனைவியின் கணக்கில் ஏறிவிடுகின்றன. அவரும் வேலைக்குச் சென்று திரும்பியவராகவே இருப்பார். திருவிழா நாள்களில் பூத்தொடுப்பதும், காய்கறி நறுக்குவதும், பாத்திரம் துலக்குவதும் அவரே. பொறுப்பாளர் பட்டியலில் மட்டும் அவர் பெயர் இருப்பதில்லை. ஒருவரின் செயல்திறன் மற்றொருவரின் களைப்பின்மீது கட்டப்படுமாயின், அதைத் தொண்டு என்று அம்பிகை ஏற்பாளா என்பதை ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அடியார்கள் காட்டிய அளவு

அப்படியானால் சரியான அளவு எது? சைவ உலகம் அதற்கு விடை வைத்திருக்கிறது. பெரிய புராணத்தில் போற்றப்படும் அடியார்களுள் பலர் துறவிகள் அல்லர். தொழில் செய்து குடும்பம் நடத்தியவர்கள். திருக்குறிப்புத் தொண்டர் காஞ்சியில் துணி வெளுத்தவர். அவர் ஏற்ற கூடுதல் பொறுப்பு, அடியார்களின் உடைகளை வெளுத்துத் தருவது. கலியர் திருவொற்றியூரில் எண்ணெய் வாணிகம் செய்தவர். அவர் ஏற்றது, கோயிலில் விளக்கேற்றுவது. அதிபத்தர் நாகையில் மீன்பிடித்தவர். அவர் ஏற்றது, கிடைக்கும் மீன்களில் ஒன்றை இறைவனுக்கு விடுவது.

இம்மூவரும் ஏற்ற பொறுப்பில் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஒவ்வொருவரும் ஒரே ஒரு பணியையே ஏற்றனர். அது அவரவர் தொழிலுக்கு நெருக்கமானது. எவ்வளவு என்பது வரையறுக்கப்பட்டது. ஆனால், எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்கப்படாதது. எல்லாத் தொண்டையும் தாமே செய்ய எவரும் முனையவில்லை. அப்புராணத்தை அருளிய சேக்கிழாரும் சோழ அரசில் அமைச்சர் பொறுப்பு வகித்தவரே. நூல் இயற்றும் பெரும்பணியை மேற்கொண்டபோது அவர் தில்லைக்குச் சென்று தங்கினார் என்று மரபு கூறுகிறது. பெரிய பொறுப்பொன்றைத் தூக்கும்போது மற்றொன்றைக் கீழே வைக்கவும் அறிந்திருந்தார்.

எனவே, பொறுப்பேற்க அழைக்கப்படும் ஒருவர், 'எனக்கு நேரம் இருக்கிறதா?' என்று மட்டும் கேட்டுக்கொள்வது போதாது. இப்பணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? இதைச் செய்யத் தேவையான அதிகாரம் கையில் தரப்படுமா? இதற்காக எந்தப் பழக்கத்தை அல்லது வேறெந்தப் பொறுப்பை விட்டுவிடுவது? வீட்டிலுள்ளோர் இதற்கு மனமுவந்து இசைந்தார்களா? இந்நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால், தயக்கமின்றிப் பொறுப்பை ஏற்கலாம். அது அவரை வளர்க்கும்.

பொறுப்பைக் கொடுப்பவர்களுக்கும் கடமை உண்டு. அரசுப் பணியில் ஒருவர் இடமாற்றம் பெறும்போது பணி ஒப்படைப்புக் குறிப்பு எழுதி வைத்துவிட்டே செல்வார். ஆலயங்களிலும் அவ்வழக்கம் வேண்டும். எந்தக் கடையில் பூமாலை சொல்லப்பட்டது, எத்தனை இளநீர் தேவைப்பட்டது, நாதசுரக் குழுவினருக்கு என்ன தொகை, அனுமதிக் கடிதம் எத்தனை நாள் முன்பு கொடுக்கப்பட்டது என்பன எல்லாம் ஒரு பெரியவரின் நினைவில் மட்டும் இருந்தால், அவரால் என்றுமே ஓய்வெடுக்க இயலாது. புதியவரும் துணிந்து வரமாட்டார். அவை ஒரு கோப்பில் இருந்தால் பாதிச் சுமை அப்போதே இறங்கிவிடும். ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் ஒரு துணைப் பொறுப்பாளர், ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு கால வரையறை என்று வைத்துக்கொண்டால் மீதிப் பாதியும் இலேசாகும்.

கணக்கு எளியதுதான். ஒரு திருவிழாவில் நாற்பது பணிகள் உள்ளன என்று கொள்வோம். அவற்றை ஐந்து பேர் சுமந்தால் ஆளுக்கு எட்டு. அந்த ஐவரும் களைத்துப்போவார்கள். மற்றவர்கள் குறை காண்பவர்களாகவே நின்றுவிடுவார்கள். நாற்பது குடும்பங்கள் ஆளுக்கொன்றாக ஏற்றால் எவரும் களைப்பதில்லை. நாற்பது குடும்பங்களும் வளரும். பொறுப்பைப் பகிர்ந்து கொடுப்பது சுமையிறக்கும் வழி மட்டுமன்று. பிறர் வளர்வதற்கு வாய்ப்பளிக்கும் கொடையும் ஆகும்.

அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கான பணிப்பட்டியல் வரையப்படும்போது, ஒவ்வொரு பணிக்கும் எதிரே புதிய பெயரொன்று எழுதப்படட்டும். அவற்றுள் தாய்மார்களின் பெயர்களும் இளைஞர்களின் பெயர்களும் நிறையட்டும். நெடுங்காலம் சுமந்த பெரியவர்கள் ஓராண்டேனும் மடியில் பேரப்பிள்ளையை வைத்துக்கொண்டு, மனக்கவலையின்றி அம்பிகையின் தீபாராதனையைக் கண்குளிரக் காணட்டும். அவரவர் தோளுக்கு ஏற்ற பொறுப்பையும் அதைத் தாங்கும் வலிமையையும் எல்லாம் வல்ல அம்பிகை அனைவருக்கும் அருள்வாளாக.